வட்டத்தைப் பார்க்காதே, அடியைப் பார்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ் பக்கம் நம்மவர் வீடுகளில் பாத்திரத்துக்குப் பஞ்சமே கிடையாது. புரட்டாசி விரதத்துக்கென்று தனியாக எடுத்துவைத்த அலுமினியச் சட்டி, பிரியாணி அண்டா, ரொட்டி சுடும் தவா, இந்த மண்ணில் பழகிக்கொண்ட போய்கி என்ற மூன்று கால் இரும்புப் பானை என்று எல்லாம் இருக்கும். கேஸ் அடுப்பு இவற்றில் எதையும் வேண்டாம் என்று சொன்னதில்லை. இண்டக்‌ஷன் அடுப்பு அப்படியில்லை.

கண்ணாடிக்கு அடியில் செம்புக் கம்பிச் சுருள் ஒன்று இருக்கிறது. சுவரிலிருந்து வரும் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தை அடுப்பு 20,000 ஹெர்ட்ஸுக்கும் மேலே ஏற்றி அந்தச் சுருளுக்குள் விடுகிறது. அதில் எழும் காந்தப்புலம் பாத்திரத்தின் அடியில் சுழல் மின்னோட்டங்களை உண்டாக்கும். சூடு பிறப்பது அங்கேதான். இரும்பில் இந்த ஓட்டம் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு கூட இல்லாத மேல்தோலுக்குள் நெருக்கியடித்து ஓடுவதால் தடை கூடி, நன்றாகச் சுடும். அலுமினியத்தில் அரை மில்லிமீட்டர் ஆழம் வரை பரவிவிடும், தடையும் குறைவு. அதனால்தான் வெறும் அலுமினியச் சட்டியைச் சாதாரண இண்டக்‌ஷன் அடுப்பு ஏற்பதில்லை.

இனி அளவு. சுருள் எங்கே இருக்கிறதோ, அதற்கு நேர் மேலே மட்டுமே சூடு பிறக்கும். கேஸ் தீ போல விளிம்பைச் சுற்றி மேலே ஏறாது. மெல்லிய அடியுள்ள எவர்சில்வர் பாத்திரத்தில் விரல் உயரம் தண்ணீர் ஊற்றிக் கொதிக்கவிட்டுப் பாருங்கள். முதல் குமிழிகள் ஒரு வளையமாகக் கிளம்பும். நடுவில் கொஞ்ச நேரம் அமைதியாக இருக்கும். அந்த வளையம்தான் சுருளின் உருவம். நடுவில் இருக்கும் இடைவெளியில் வெப்பத்தை அளக்கும் உணரி உட்கார்ந்திருக்கிறது. பல ஒற்றை அடுப்புகளில் இந்த வளையம் கண்ணாடியில் வரைந்த வட்டத்தைவிடச் சிறியது. வரைந்த கோட்டை நம்பிப் பாத்திரம் வாங்குவது சரியல்ல என்று நான் அழுத்திச் சொல்வது இதனால்தான்.

பாத்திரம் சிறியதானால், சுருளுக்கு மேலே போதுமான இரும்பு இல்லை என்று அடுப்பு கண்டுபிடித்து நின்றுவிடும். சுமார் 12 செ.மீ.க்குக் குறைந்த அடியைப் பல அடுப்புகள் பாத்திரமாகவே மதிப்பதில்லை. கடுகு தாளிக்கும் குட்டிச் சட்டி வைத்தவுடன் விளக்கு மினுக்கிவிட்டு அணைவது அதனால்தான்.

பெரியதானால் சிக்கல் வேறு. 30 செ.மீ. வார்ப்பிரும்புத் தவாவை 18 செ.மீ. வட்டத்தில் வைத்தால் ரொட்டியின் நடு கருகும், ஓரம் மாவாகவே இருக்கும். வார்ப்பிரும்பு வெப்பத்தைக் கடத்துவது அலுமினியத்தின் நான்கில் ஒரு பங்கு அளவுக்குத்தான். எடுத்த எடுப்பில் முழு வேகம் வைத்தால் நடுப்பகுதி மட்டும் விரிந்து கல் வளையலாம், விரிசலும் விடலாம். குறைந்த வேகத்தில் சில நிமிடம் சூடேற்றி, அப்புறம் கூட்டுங்கள். தவாவைச் சுற்றிச் சுற்றித் திருப்புவதால் பயனில்லை, வளையம் எல்லாப் பக்கமும் ஒன்றுதான். ரொட்டியைச் சுருள் அளவுக்குத் தேய்த்தால் அழகாக வேகும்.

போய்கி முழுக்க வார்ப்பிரும்பு, காந்தம் கெட்டியாக ஒட்டும். ஆனாலும் கால்கள் அடியைக் கண்ணாடியிலிருந்து தூக்கிவிடுகின்றன. அந்த இடைவெளியில் காந்தப்புலம் வலுவிழக்கிறது. இண்டக்‌ஷனுக்குக் காலில்லாத தட்டை அடி போய்கிதான் சரி.

நான்கு வட்ட அடுப்பு வைத்திருப்பவர்கள் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். பெரும்பாலும் ஒரே பக்கத்து இரண்டு வட்டங்கள் ஏறத்தாழ 3,700 வாட்டைப் பங்கிட்டுக்கொள்ளும். ஒன்றை உச்சத்துக்கு ஏற்றினால் மற்றது தானாகத் தணியும். சோறும் சாம்பாரும் ஒரே நேரத்தில் கொதிக்க வேண்டுமென்றால் ஒன்றை இடப்பக்கமும் மற்றதை வலப்பக்கமும் வையுங்கள்.

கடைக்குப் போகும்போது ஃபிரிட்ஜில் ஒட்டியிருக்கும் காந்தத்தையும் அளவு நாடாவையும் எடுத்துப் போங்கள். வாய் 28 செ.மீ. இருக்கும் அலுமினியச் சட்டிக்கு அடியில் பதித்த இரும்புத் தட்டு 20 செ.மீ. மட்டும் இருக்கலாம். காந்தம் ஒட்டும் இடம் எங்கே முடிகிறது என்று தடவிப் பார்த்து, அந்த அகலத்தை அளந்து வாங்குங்கள்.