நையாண்டி மேளம் என்றால் நகைச்சுவை இசைக்குழுவா?

மூன்றாவது தடவையாகக் கேட்டாயிற்று, இனி எழுதாமல் இருக்க முடியவில்லை. முதலில் ஒரு கட்டுரையில் நையாண்டி மேளத்தை, நம் தென்மாவட்டத்து நாதஸ்வரத் தவில் குழுவை, "கேலி மேளம்" என்று போட்டிருந்தார்கள். அடுத்து ஓர் உரையில் "பரிகாச இசை" என்றார்கள். போன மாதம் பாளையங்கோட்டையில் ஒரு கலைவிழா. அழைப்பிதழில் ஒரு பக்கம் ஆங்கிலம், மறுபக்கம் அதன் தமிழாக்கம். இரவு 7 மணிக்கு "நகைச்சுவை இசைக்குழு" என்று அச்சாகியிருந்தது. மேடையேறியது நையாண்டி மேளம். தொகுப்பாளர் வெளியூர் விருந்தாளிகளைப் பார்த்து, "இது சீரியஸான இசை இல்லை, சும்மா சிரிக்க வைக்கிறதுக்கு" என்று விளக்கமும் சொன்னார். தவில் வாரை இழுத்துக்கொண்டிருந்த அண்ணாச்சி தலை நிமிரவில்லை. எல்லாம் முடிந்து டீக்கடையில் விரல் கூடுகளைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டே கேட்டார்: "நாங்க என்ன கோமாளியா தம்பி? போன செவ்வா சாமக்கொடைல சாமிய எறக்குனது இதே மேளந்தான?" சாமக்கொடை என்பது ஊர்க்கோயில் கொடைவிழாவின் நள்ளிரவுப் பூசை.

அவருக்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அதனால் இங்கே சொல்கிறேன்.

நையாண்டி என்ற சொல்லுக்கு அகராதிகள் கேலி, பரிகாசம் என்று பொருள் தருகின்றன. அது தப்பில்லை. ஆனால் நெல்லைச் சீமையில் இந்தச் சொல் எப்படிப் புழங்குகிறது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். "என்னலே, நையாண்டி பேசுத?" என்று யாரிடம் கேட்போம்? மச்சினனிடம், கொழுந்தியாளிடம், கூடப் படித்தவனிடம். பஸ்ஸில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருக்கிற முன்பின் தெரியாத ஆள் நம்மைப் பார்த்துச் சிரித்தால் அதை நக்கல் என்போம். நையாண்டி என்று சொல்ல வாய் வராது. நையாண்டிக்கு உரிமை வேண்டும். பிரியமுள்ள இடத்தில்தான் அது நடக்கும். கேலி என்ற சொல் வடமொழியில் விளையாட்டைக் குறித்தது. பரிகாசமும் அங்கிருந்து வந்ததே. இந்த இரண்டையும் நையாண்டியின் இடத்தில் வைத்தால் அந்த உரிமை கழன்றுபோகிறது.

இனி மேளம். பெரும்பாலும் இரண்டு நாதஸ்வரம், இரண்டு தவில், பம்பை, கிடுமுட்டி என்ற தோல் கருவிகள், தாளம். கரகாட்டத்துக்கும் குறவன் குறத்தி ஆட்டத்துக்கும் இதுதான் வாசிக்கும். கோயில் கொடையில் சாமியாட்டத்துக்கு வாசிப்பதும் இதுதான். ஆட்டமும் மேளமும் பேசிக்கொள்வது இதன் உயிர். கரகம் வைத்து ஆடுகிற அக்கா நின்று, இடுப்பில் கை வைத்து, "என்ன மாமா, சத்தத்தையே காணோம்?" என்பாள். நாதஸ்வரக்காரர் அந்தக் கேள்வியின் ஏற்ற இறக்கத்தை, கடைசியில் "காணோம்" என்று இழுத்ததை, அச்சு அசலாக ஊதித் திருப்பிக் கொடுப்பார். பம்பை குறுக்கே விழுந்து ஒரு வெட்டு வெட்டும். கூட்டம் கொல்லென்று சிரிக்கும். இதைச் செய்வது லேசில்லை. நாதஸ்வரத்தில் வாய் வைத்து ஊதுகிற சீவாளியில் காற்று ஒரு நூல் பிசகினாலும் அது வெறும் பிசிறாகப் போய்விடும். சுரம் சுத்தமாக நின்றால்தான் சிரிப்பு வரும். அரைகுறையாக வாசிப்பவனால் நையாண்டி வாசிக்க முடியாது.

அதே ஆள், அதே குழல், நள்ளிரவு சாமக்கொடையில் ஊதும்போது வயசாளிகள் கண்ணைத் துடைத்துக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். நடுவில் யாரும் வாத்தியத்தை மாற்றவில்லை, மேளத்தின் பெயரையும் மாற்றவில்லை.

எங்கள் ஆச்சி செத்த அன்று நடந்ததைச் சொல்கிறேன். நிறைந்த வயசு, பேரன் பேத்தி எடுத்த சாவு, மேளம் வைத்திருந்தோம். ஒப்பாரி பாடிக்கொண்டிருந்த சின்னாச்சி திடீரென்று, ராகம் மாறாமல், "நீ ஒளிச்சு வச்ச சுருக்குப்பைய, என்னப் பெத்த ஆத்தா, எவ கையில குடுத்துட்டுப் போன?" என்று பாடினாள். ஆச்சி அந்தச் சுருக்குப்பையை யாரையும் தொட விடமாட்டாள். வெற்றிலைக் காம்பும் பத்து ரூபாய்த் தாளும்தான் உள்ளே இருக்கும். சுற்றி உட்கார்ந்திருந்த பெண்கள் அத்தனை பேரும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தார்கள். எங்கம்மா சிரித்தாள். சிரிப்பு அடங்குவதற்குள் அழுகை வெடித்தது. அதுவரை அழாமல் இருந்த அத்தையும் அப்போதுதான் அழுதாள். அந்த ஒரு வரிதான் அங்கே எல்லோரையும் உடைத்தது. அந்த ஒப்பாரியை எந்தப் பெட்டியில் போடுவது? "சோகப் பாடல்" பெட்டியிலா, "நகைச்சுவைப் பாடல்" பெட்டியிலா?

நகைச்சுவை நல்ல தமிழ்ச்சொல் ஆயிற்றே, அதில் என்ன குறை என்று தனித்தமிழ் அன்பர்கள் கேட்கிறார்கள். நையாண்டி கொச்சை என்றும், நகைச்சுவை செம்மையானது என்றும் ஒரு நண்பர் வாதாடினார். நகை என்ற சொல்மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. நகு என்ற வேரிலிருந்து சிரிப்பும் வந்தது, ஒளியும் வந்தது. ஒளிர்வதால் கழுத்தில் போடுகிற நகையும் வந்தது. என் சண்டை நகையோடு இல்லை. இன்றைக்கு நகைச்சுவை என்று காது கேட்டால் மனசு எங்கே போகிறது? படத்தில் தனியாக வெட்டி எடுத்த காமெடிக் காட்சிக்கு. கதையின் கனமான பகுதி ஒரு பக்கம், நகைச்சுவைப் பகுதி மறுபக்கம் என்று பழகிவிட்டோம். அந்தச் சொல்லைத் தூக்கி மேளத்தின் நெற்றியில் ஒட்டினால், கேட்பவன் மேளத்தையும் அந்த ஓரத்தில்தான் உட்கார வைப்பான். தொகுப்பாளர் செய்தது அதைத்தான்.

நம் இலக்கணம் அப்படிப் பிரிக்கவில்லை. தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் எட்டு மெய்ப்பாடுகளை, அதாவது உடம்பில் வெளிப்படும் உணர்ச்சிகளை, சொல்கிறது. "நகையே அழுகை" என்றுதான் நூற்பாவே தொடங்குகிறது. முதலில் நகை, அதன் தோளை ஒட்டி அழுகை. அடுத்த நூற்பா நகை பிறக்கும் இடம் நான்கு என்கிறது: எள்ளல், இளமை, பேதைமை, மடன். கேலி மேளம் என்று பெயர்த்தவர் இந்த நான்கில் எள்ளல் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு மீதி மூன்றையும் விட்டுவிட்டார். குறவன் குறத்தி ஆட்டத்தில் குறவன் வழி தெரியாமல் திரும்பத் திரும்ப ஒரே இடத்துக்கு வந்து நிற்பதைப் பார்த்துச் சிரிக்கிறோமே, அதில் எள்ளல் எங்கே இருக்கிறது? அது பேதைமையைக் கண்டு வருகிற சிரிப்பு. அவன்மேல் நமக்குப் பாசம்தான் கூடுகிறது.

குற்றாலக் குறவஞ்சியை விடவா சாட்சி வேண்டும்? மேலகரம் திரிகூடராசப்பக் கவிராயர் 18ஆம் நூற்றாண்டில் பாடியது. மனைவி சிங்கியைக் காணாமல் குறவன் சிங்கன் மலையெல்லாம் தேடித் தவிக்கிறான். தவிப்பு நிஜமான தவிப்பு. ஒருவழியாகக் கண்டுபிடித்ததும் அவன் கண்ணில் படுவது அவள் மேனியில் கிடக்கிற புது நகைகள். "காலுக்கு மேலே பெரிய விரியன் கடித்துக் கிடப்பானேன் சிங்கி" என்று பதறுகிறான். "சேலத்து நாட்டிற் குறிசொல்லிப் பெற்ற சிலம்பு கிடக்குதடா சிங்கா" என்கிறாள் அவள். பாடகம் என்ற கால் நகையைப் பார்த்து, நாங்கூழ்ப் புழு, அதாவது மண்புழு, மாதிரி நெளிகிறதே என்கிறான். நாம் சிரிக்கிறோம். ஆனால் ஒவ்வொரு கேள்விக்கும் அடியில், இத்தனை நாள் எங்கே போனாய், யார் கொடுத்தது இதெல்லாம் என்கிற சந்தேகம் கிடந்து அரிக்கிறது. பொண்டாட்டிமேல் உயிரை வைத்தவனுக்குத்தான் இப்படிக் கேட்க வரும். சிரிப்பை எடுத்துவிட்டால் இந்தப் பாட்டில் அந்த அன்பும் தங்காது. முக்கூடற்பள்ளும் அப்படித்தான். பள்ளனின் மனைவிகளான மூத்த பள்ளியும் இளைய பள்ளியும் ஒருத்தி சாமியை இன்னொருத்தி வாரிவிட்டுச் சண்டை போடுகிறார்கள். கடைசியில் சமாதானமாகப் போகிறார்கள், பக்தியில் ஒரு குன்றிமணி குறையவில்லை.

இந்தக் குழப்பத்துக்கு மூலம் "சீரியஸ் மியூசிக்" என்பதை மொழிபெயர்த்த விதம் என்று நினைக்கிறேன். "தீவிர இசை" என்கிறார்கள். தீவிரம் என்றால் நம் பேச்சில் கடுமை, முற்றிய நிலை. தீவிர சிகிச்சை, தீவிரவாதம் என்றெல்லாம் அதைப் பழக்கிவிட்டோம். அந்தச் சொல்லை இசைக்கு முன்னால் நிறுத்தினால் கேட்பவன் முகத்தை இறுக்கிக்கொள்ளத்தான் வேண்டும். சிரிப்பவனுக்கு அங்கே இடமில்லை. மேற்கத்திய இசையில்கூட அப்படி இல்லை. ஆஸ்திரிய இசையமைப்பாளர் ஹைடன் 1781இல் நான்கு தந்தி வாத்தியங்களுக்கு எழுதிய நால்வர் இசை ஒன்றுக்கு "ஜோக்" என்றே பெயர் நிலைத்துவிட்டது. முடிந்துவிட்டது என்று கை தட்டப் போகும்போது மறுபடி ஆரம்பிக்கும், திரும்ப நிற்கும், திரும்ப ஆரம்பிக்கும். அவரை யாரும் நகைச்சுவை இசைக்கலைஞர் என்று ஓரங்கட்டவில்லை. மொழிபெயர்ப்பவர்கள் மூலத்தின் சொல்லைப் பார்க்கிறார்கள், அந்த இசையைப் போய்க் கேட்பதில்லை. எனக்கு ஆற்றாமை அதில்தான். சீரியஸ் என்பதற்கு ஆழ்ந்த, கனமான என்ற சொற்கள் இருக்கின்றன. மனசைத் தொடுவதைச் சொல்ல உருக்கம் இருக்கிறது. உருகுகிறவன் சிரிக்கக்கூடாது என்று தமிழில் எவரும் சொன்னதில்லை.

ஆகவே அச்சடிப்பவர்களுக்கு என் வேண்டுகோள். நையாண்டி மேளம் என்பதை நையாண்டி மேளம் என்றே போடுங்கள். எந்த மொழியில் அச்சடித்தாலும் தவிலைத் தவில் என்று எழுதுகிற மாதிரி இதையும் எழுதுங்கள். கீழே ஒரு வரி விளக்கம் தேவைப்பட்டால் இதை எடுத்துக்கொள்ளலாம்:

நையாண்டி மேளம்: நாதஸ்வரம், தவில், பம்பை, கிடுமுட்டி, தாளம் சேர்ந்தது, தென்மாவட்டங்களில் கோயில் கொடையிலும் கரகாட்டத்திலும் சாவு வீட்டிலும் வாசிப்பது, ஆடுபவரோடும் கூடியிருப்பவரோடும் உரிமையாகப் பேசிச் சிரிக்கவும் அழவும் வைக்கும் இசை.

டீக்கடை அண்ணாச்சியிடம் இதைப் படித்துக் காட்டினேன். "சாவு வீட்ட முதல்ல போடுங்க தம்பி, அங்கதான் வாசிக்கது கஷ்டம்" என்றார்.