கரோக்கே 'வெற்றிசை' ஆகுமா?

பாடகர் குரல் இல்லாமல் வாத்தியங்கள் மட்டும் ஒலிக்கும் கரோக்கேயைத் தமிழில் 'வெற்றிசை' என்கிறார்கள். இந்த மாதத்தில் மூன்றாவது முறையாக அந்தச் சொல் கண்ணில் பட்டுவிட்டது. குடியிருப்பு விழா அழைப்பிதழில் 'வெற்றிசைப் போட்டி' என்று அச்சடித்திருந்தார்கள். பக்கத்து வீட்டு மாமா படித்துவிட்டு, "யாரு ஜெயிச்சாங்க, எதுக்கு வெற்றி விழா?" என்று கேட்டார். அவர்மேல் தப்பே இல்லை.

கரோக்கே ஜப்பானியச் சொல். 'கரா' என்றால் வெறுமை. 'ஓகே' என்பது ஆர்க்கெஸ்ட்ராவின் ஜப்பானிய உச்சரிப்பைச் சுருக்கியது. 1971-இல் கோபே நகரத்து இசைக்கலைஞர் டைசுகே இனோவே, பாட்டின் வாத்திய இசையை மட்டும் நாடாவில் பதிந்து, காசு போட்டால் ஒலிக்கும் பெட்டிகளாக்கி மதுக்கடைகளுக்கு வாடகைக்கு விட்டார். இன்று அது கைபேசிக்குள் வந்துவிட்டது.

'வெற்றிசை'யில் இலக்கணக் குறை இல்லை. வெற்று, இடம் சேர்ந்து வெற்றிடம் ஆவது போலத்தான் வெற்று, இசை சேர்ந்த அதுவும். ஆனால் எழுத்தில் பார்த்தால் வெற்றிதான் முதலில் தெரிகிறது. அதைவிடப் பெரிய கோளாறு பொருளில். என் தங்கை இரவில் சமையலறைக் கதவைச் சாத்தி, மின்விசிறியை நிறுத்தி, அரிசி டின்மேல் கைபேசியைச் சாய்த்து வைத்துப் பாடிப் பதிவாள். காதில் வயலினும் தபேலாவும் நிறைந்து ஒலிக்கும். அதில் வெறுமை எங்கே? காலியாக இருப்பது பாடுகிறவர் இடம் மட்டும்தான். இசையைப் போய் வெற்று என்றால் எப்படி?

அயல்சொல்லைத் துண்டு துண்டாக வெட்டி, ஒவ்வொரு துண்டுக்கும் தமிழ் ஒட்டுவதே மொழிபெயர்ப்பு என்று பலர் நினைக்கிறார்கள். கராத்தேயிலும் அதே 'கரா'தான். 'தே' என்றால் கை. அதற்காக யாராவது பிள்ளையை 'வெறுங்கை வகுப்பில்' சேர்த்தேன் என்று சொல்கிறோமா? ஒரு பொருள் என்ன வேலை செய்கிறது என்று பார்த்து அதற்குப் பெயர் வைக்க வேண்டும்.

'பின்னணி இசை' என்பாரும் உண்டு. அது திரைப்படக் காட்சிக்கு அடியில் ஓடும் இசைக்கு ஏற்கெனவே பெயராகிவிட்டது. நான் சொல்வது 'துணையிசை'. பாடுகிறவருக்குத் துணையாக வருவது, அவ்வளவுதான். கச்சேரியில் வாசிப்பதும் துணைதானே என்றால், அதற்குப் பக்கவாத்தியம் என்ற நல்ல சொல் இருக்கிறது.

அப்புறம் இன்னொன்று. "நேத்து ஒரு கரோக்கே போட்டேன்" என்று, பாடிய பாட்டையே அப்படிச் சொல்கிறார்கள். கரோக்கே பாட்டு அல்ல, பாட்டுக்குக் கிடைத்த துணை. தங்கை இப்போது தன் பதிவுகளுக்குக் கீழே 'துணையிசையுடன் பாடியது' என்றே எழுதுகிறாள். இதுவரை யாரும் அவளிடம் பொருள் கேட்கவில்லை.