பெரிய எம்சிபி கேட்காதீர்கள்: வீட்டுப் பட்டறை போடுகிறவர்களுக்கு ஒரு மின்பணியாளரின் வேண்டுகோள்

"எம்சிபி அடிக்கடி விழுந்துவிடுகிறது தம்பி. கொஞ்சம் பெரியதாக ஒன்று போட்டுவிடுங்கள்."

கோவையில் 22 ஆண்டுகளாக மின்பணி செய்து வருகிறேன். வீட்டுப் பட்டறைகளில் நான் அதிகம் கேட்ட வாக்கியம் இதுதான். எம்சிபி என்பது அளவுக்கு மீறி மின்னோட்டம் ஓடினால் தானே விழுந்து இணைப்பை அறுக்கும் சுவிட்ச். ஆவாரம்பாளையம், கணபதி பக்கம் எந்தச் சந்தில் நுழைந்தாலும் லேத் ஓடும் சத்தம் கேட்கிற ஊர் இது. மில்லிலோ பம்பு கம்பெனியிலோ முப்பது ஆண்டு வேலை பார்த்தவருக்கு, ஓய்வு பெற்ற பிறகும் கை சும்மா இருக்காது. வீட்டு முன்புறக் கார் ஷெட்டைத் துப்புரவு செய்து, ஒரு மேசை, ஒரு வைஸ், ஒரு டிரில்லிங் மெஷின் என்று தொடங்குவார். அந்த ஆசை எனக்குப் பிடிக்கும். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

மேலே உள்ள வாக்கியத்தைச் சொன்னவர் துடியலூர் பக்கத்தில் இருக்கும் ஒரு பெரியவர். நூற்பாலையில் பிட்டராக இருந்தவர். காரை விற்றுவிட்டு, பத்தடிக்குப் பதினெட்டடி ஷெட்டைப் பட்டறையாக மாற்றியிருந்தார். தரைக்கு அழுத்தமான கான்கிரீட், சுவரில் கருவிகள் தொங்கப் பலகை, ஸ்பேனர்கள் அளவு வாரியாக. 1 எச்பி மோட்டார் பூட்டிய சிறிய லேத், பெஞ்ச் கிரைண்டர், 2 எச்பி கம்ப்ரசர், இன்வெர்ட்டர் வகை வெல்டிங் மெஷின். எல்லாவற்றையும் யோசித்துச் செய்தவர் ஒன்றை மட்டும் யோசிக்கவில்லை. அத்தனைக்கும் மின்சாரம், கார் கழுவும் பம்புக்காக என்றோ போட்ட ஒரே ஒரு பவர் பிளக்கிலிருந்து வந்துகொண்டிருந்தது.

எனக்கு முன்பே யாரோ அவர் கேட்டதைச் செய்துகொடுத்திருந்தார்கள். 16 ஆம்பியர் எம்சிபி இருக்க வேண்டிய இடத்தில் 32 ஆம்பியர் இருந்தது. அதுவும் விழுகிறது என்றுதான் என்னைக் கூப்பிட்டார். சுவிட்ச் பெட்டியைக் கழற்றி வயரை வெளியே இழுத்தேன். மேலுறை பழுப்பேறி, வளைத்ததும் அப்பளம் போல நொறுங்கியது. உள்ளே செம்பு கறுத்திருந்தது. சுவருக்குள் அந்த வயர் எத்தனை மாதம் வெந்துகொண்டிருந்ததோ தெரியாது. அந்தச் சுவருக்கு மறுபக்கம்தான் அவருடைய பேத்தி படுக்கும் அறை.

எம்சிபி காப்பது வயரை. அதன் அளவு வயருக்கு ஏற்றபடி இருக்க வேண்டுமே தவிர, மெஷினின் பசிக்கு ஏற்றபடி அல்ல. சுவருக்குள் குழாயில் போகும் 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர் சுமார் 20 ஆம்பியர் வரை சூடேறாமல் கொண்டுபோகும். 32 ஆம்பியர் எம்சிபியோ 36 ஆம்பியர் ஓடினாலும் ஒரு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் நிற்கலாம். 46 ஆம்பியர் ஓடினாலும் விழுவதற்கு ஒரு மணி நேரம் வரை எடுத்துக்கொள்ளலாம். அது அப்படித்தான் வடிவமைக்கப்பட்டிருக்கிறது. வயரில் எழும் சூடு மின்னோட்டத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். 20 ஆம்பியர் வயரில் 36 ஓடினால் சூடு மூன்று மடங்குக்கும் மேல். சாதாரண பிவிசி மேலுறை 70 டிகிரி வரை தாங்குவதற்காகச் செய்யப்பட்டது. எம்சிபி விழவில்லை என்று நாம் நிம்மதியாக வேலை செய்யும் அந்த ஒரு மணி நேரத்தில்தான் மேலுறை செத்துப்போகிறது.

மெஷின் வாங்கும் முன் ஒரு தாளில் கணக்குப் போடுங்கள். ஒற்றை முனை (சிங்கிள் பேஸ்) இணைப்பில் 1 எச்பி மோட்டார் ஓடும்போது ஏறக்குறைய 6, 7 ஆம்பியர் இழுக்கும். 2 எச்பி கம்ப்ரசர் 10, 11. வெல்டிங் மெஷினில் 150 ஆம்பியர் வைத்துப் பற்றவைத்தால் உள்ளே இழுப்பது 25 ஆம்பியருக்கு மேல். பெரியவரின் ஷெட்டில் லேத், கம்ப்ரசர், வெல்டிங் மூன்றும் ஒரே நேரத்தில் ஓடினால் 40 ஆம்பியரைத் தாண்டும். ஒரு பவர் பிளக்கின் மேல் இந்தப் பாரத்தை ஏற்றுவது, சைக்கிள் கேரியரில் நெல் மூட்டையை அடுக்குவதற்குச் சமம்.

இன்னொன்றும் உண்டு. மோட்டார் கிளம்பும் நொடியில், ஓடும்போது இழுப்பதைப் போல ஐந்து, ஏழு மடங்கு மின்னோட்டம் இழுத்துவிட்டு அடங்கும். விளக்குகளுக்குப் போடும் 'பி' வகை எம்சிபி தன் ஆம்பியர் அளவைப் போல மூன்று முதல் ஐந்து மடங்கிலேயே உடனே விழுந்துவிடும். 'சி' வகை ஐந்து முதல் பத்து மடங்கு வரை பொறுக்கும். மோட்டார் கிளம்பும்போது மட்டும் விழுகிறது என்றால், அதே ஆம்பியரில் 'சி' வகைக்கு மாற்றினால் போதும். பல வீடுகளில் பெரிய எம்சிபி கேட்டவர்களுக்கு உண்மையில் தேவைப்பட்டது இதுதான்.

பெரியவர் வீட்டில் மெயின் போர்டிலிருந்து பட்டறைக்கென்று தனியாக 10 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர் இழுத்தேன். ஷெட்டில் தனி போர்டு. லேத்துக்கு ஒன்று, கம்ப்ரசருக்கு ஒன்று, வெல்டிங்குக்குத் தடித்த வயரோடு ஒன்று, விளக்குக்கு ஒன்று என்று பிரித்தேன். விளக்கைப் பிரிப்பது முக்கியம். மெஷினில் கோளாறு வந்து மின்சாரம் நிற்கும்போது லேத்தில் இரும்பைப் பிடித்துச் சுழலும் சக்குக்கு முன் இருட்டில் நிற்கக் கூடாது. குழாய்களைச் சுவருக்கு வெளியிலேயே ஓட்டினேன். பட்டறை வளரும், மெஷின் இடம் மாறும். ஒவ்வொரு முறையும் சுவரை உடைக்க முடியாது. கூடும் பாரத்தை மின்வாரிய அலுவலகத்தில் முறையாகப் பதிவு செய்யச் சொன்னேன். கூலிக்கு வேலை எடுத்துச் செய்வதானால் வீட்டு இணைப்பில் செய்யக் கூடாது என்பதையும் சொன்னேன். சிறு தொழிலுக்குத் தனிக் கட்டண வகை இருக்கிறது.

இனி எர்த். இதைப் பற்றிப் பேசும்போது எனக்குக் குரல் உயர்ந்துவிடுகிறது.

எர்த் சரியில்லாத வீடுகளில் சிலர் ஒரு வேலை செய்கிறார்கள். பிளக்கின் உள்ளேயே நியூட்ரல் (மின்சாரம் திரும்பிப் போகும் வயர்) முனையிலிருந்து எர்த் முனைக்கு ஒரு துண்டு வயரைக் கொடுத்துவிடுகிறார்கள். டெஸ்ட் லாம்பு வைத்துப் பார்த்தால் பளிச்சென்று எரியும். "எர்த் அருமையாக இருக்கிறது" என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம். காற்றிலோ மழையிலோ நியூட்ரல் ஒருநாள் அறுந்தால், அல்லது போர்டில் ஒரு திருகு தளர்ந்தால், 230 வோல்ட் மெஷினின் இரும்பு உடம்புக்கு வந்து நிற்கும். லேத் எந்தக் கோளாறும் இல்லாமல் இருக்கும். அதைத் தொட்டவர் விழுவார். வீட்டுப் பட்டறைகளில் நான் இதை இருமுறை கண்டுபிடித்து அறுத்திருக்கிறேன். இரண்டிலும் அதுவரை யாருக்கும் ஒன்றும் ஆகாமல் இருந்தது அவர்களுடைய நல்ல காலம்.

முறையான எர்த் என்பது குறைந்தது இரண்டரை மீட்டர் நீளக் குழாயை மண்ணில் இறக்கி, சுற்றிலும் கரியும் உப்பும் அடுக்கி, ஈரம் காயாமல் வைத்திருப்பது. வெயில் காலத்தில் மண் காய்ந்தால் எர்த்தின் தடை ஏறும். வாரம் ஒரு குடம் தண்ணீர் அந்தக் குழிக்கு உரியது. துளசிக்கு ஊற்றும்போது அதற்கும் ஊற்றுங்கள்.

அப்படிச் செய்தாலும் எர்த் மட்டும் போதாது. தடை 10 ஓம் இருக்கிறது என்று வையுங்கள். மெஷின் உடம்பில் பேஸ் (மின்சாரம் வரும் வயர்) பட்டால் எர்த் வழியாக ஓடுவது 23 ஆம்பியர். 16 ஆம்பியர் எம்சிபி அதற்கு உடனே விழாது. தடை 50 ஓம் என்றால் ஓடுவது 5 ஆம்பியர்கூட இல்லை. எம்சிபி விழவே விழாது. மனித உடலுக்கு சுமார் 10 மில்லி ஆம்பியரிலேயே பிடித்த கை விடாது. 30ஐத் தாண்டினால் மூச்சுக்கும் இதயத்துக்கும் ஆபத்து. ஒரு ஆம்பியரில் ஆயிரத்தில் முப்பது பங்கு அது. அவ்வளவு சிறிய கசிவைக் கண்டு மின்சாரத்தை அறுப்பது ஆர்சிசிபி என்ற கசிவுக் காப்புச் சுவிட்ச் மட்டுமே. பட்டறை போர்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி இல்லாமல் நான் வேலையை ஒப்படைப்பதில்லை. அதற்குப் பணம் இல்லை என்பவரிடம், ஒரு மெஷினை அடுத்த மாதம் வாங்கிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிடுவேன்.

ஆர்சிசிபி விழுந்தால் எரிச்சல்பட்டு அதைத் தாண்டி நேரடியாக வயர் கொடுக்கச் சொல்கிறார்கள். விழுகிறது என்றால் எங்கோ கசிகிறது. எந்த மெஷினைப் போட்டால் விழுகிறது என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். பெரும்பாலும் ஈரம் ஏறிய பழைய மோட்டாராகவோ, தோல் உரிந்த எக்ஸ்டென்ஷன் வயராகவோ இருக்கும். ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: ஒரு கையில் பேஸும் மறு கையில் நியூட்ரலும் பிடித்தவரை ஆர்சிசிபியும் காப்பாற்றாது. மண்ணுக்கு எதுவும் கசியாததால் அதற்கு நீங்கள் ஒரு விளக்காகத்தான் தெரிவீர்கள்.

கைக் கருவிகளில் சிலவற்றுக்கு இரண்டு பின்தான் இருக்கும். பெயர்ப் பலகையில் சதுரத்துக்குள் சதுரம் என்ற குறி இருந்தால் அது இரட்டைக் காப்பு கொண்டது, எர்த் வேண்டாம். அந்தக் குறி இல்லாத இரும்பு உடம்பு மெஷினின் மூன்றாவது பின்னை உடைத்துவிட்டுச் செருகுவதைத்தான் வேண்டாம் என்கிறேன். தகரக் கூரை போட்ட ஷெட்டானால் அந்தக் கூரையின் இரும்புச் சட்டத்தையும் எர்த்தோடு இணைத்துவிடுங்கள். விளக்கு வயர் தகர விளிம்பில் உரசி, கூரை முழுவதும் மின்சாரம் ஏறி நின்றதை மழை நாளொன்றில் பார்த்திருக்கிறேன்.

மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்சாரம் நிற்பது நமக்குப் புதிதல்ல. ஹேண்ட் கிரைண்டரால் இரும்பு அறுத்துக்கொண்டிருக்கிறீர்கள். மின்சாரம் போகிறது. சுவிட்ச் பூட்டிய நிலையிலேயே மெஷினை மேசை மேல் வைத்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போகிறீர்கள். மின்சாரம் திரும்பும் நொடியில் ஆளில்லாத மேசையில் 4 அங்குலச் சக்கரம் நிமிடத்துக்கு 11,000 சுற்றில் கிளம்புகிறது. அதன் விளிம்பின் வேகம் மணிக்கு 200 கிலோமீட்டருக்கு மேல். அது மேசையில் நிற்காது. எனக்குத் தெரிந்த இளைஞர் ஒருவருக்குத் தொடையில் பதினான்கு தையல் இப்படித்தான் விழுந்தது. லேத், டிரில்லிங் போன்ற நிலையான மெஷின்களுக்குச் சாதாரண சுவிட்சுக்குப் பதிலாக ஸ்டார்ட்டர் போடச் சொல்வது இதற்காகத்தான். மின்சாரம் போனதும் அதன் உள்ளே இருக்கும் காந்தச் சுருள் (காயில்) பிடியை விட்டுவிடும். பச்சைப் பொத்தானை மறுபடி அழுத்தாமல் மெஷின் ஓடாது. கைக் கருவிகளுக்கு அந்த வசதி பெரும்பாலும் இல்லை. மின்சாரம் போனால் முதலில் பிளக்கைப் பிடுங்குங்கள், பிறகு தேநீர்.

விளக்கு விஷயத்தில் பலர் கவனிக்காத ஒன்று. சோக் வைத்த பழைய குழல் விளக்கும், மலிவான சில எல்இடி விளக்குகளும் நொடிக்கு 100 முறை துடிக்கின்றன. கண்ணுக்குத் தெரியாது. ஆனால் மூன்று தாடைச் சக்கு 2,000 சுற்றில் ஓடும்போது அந்தத் துடிப்பும் தாடைகளும் ஒத்துப்போய், சக்கு நிற்பது போலவே தோன்றும். இரைச்சல் நிறைந்த ஷெட்டில் காதும் உதவாது. துடிப்பில்லாத நல்ல டிரைவர் (விளக்குக்குள் மின்சாரத்தைச் சீராக்கும் பாகம்) கொண்ட எல்இடி வாங்குங்கள். கைபேசிக் கேமராவை விளக்குக்கு நேரே காட்டினால் திரையில் கோடுகள் ஓடுகின்றனவா என்று கடையிலேயே பார்த்துவிடலாம்.

வீட்டுப் பட்டறைக்கும் தொழிற்பேட்டைப் பட்டறைக்கும் ஒரு பெரிய வித்தியாசம், வீட்டில் ஸ்கூட்டரும் அதே ஷெட்டில் நிற்பது. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு படிந்து மூலைகளில் தேங்கும். கிரைண்டர் பொறியும் தரைக்குத்தான் வந்து விழும். சமையல் எரிவாயுவும் அப்படியே. கூடுதல் சிலிண்டரை ஷெட்டின் மூலையில் வைக்கும் வழக்கத்தை இன்றே விட்டுவிடுங்கள். வேலை தொடங்கும் முன் வண்டி வெளியே, ஷட்டர் முழுதாக மேலே. வெல்டிங் முடிந்து அரை மணி நேரம் அங்கேயே இருங்கள். மரத்தூளில் விழுந்த பொறி உடனே எரியாது. நீங்கள் குளித்துச் சாப்பிட உட்காரும்போது புகையும். வெல்டிங் வெளிச்சம் கண்ணைச் சுட்டதும் அப்போதே தெரியாது. ஆறேழு மணி நேரம் கழித்து, நள்ளிரவில், கண்ணில் மணல் கொட்டியது போல எரியும். வாசலில் நின்று வேடிக்கை பார்த்த குழந்தைக்கும் அதே கதிதான். ஒரு தடுப்புத் திரை வைப்பது கடினமில்லை.

கம்ப்ரசர் என் தொழில் அல்ல என்றாலும் ஒரு வார்த்தை. தொட்டியின் அடியில் இருக்கும் திருகைத் திறந்து தண்ணீரை அன்றன்றே வடித்துவிடுங்கள். உள்ளேயிருந்து துரு தின்னும் தொட்டி வெளியே புது வண்ணத்தோடுதான் நிற்கும்.

பெரியவர் வீட்டு வேலை நான்கு நாள் பிடித்தது. வெந்துபோன வயரை முழுதாக உருவி எடுத்துக் கொடுத்தேன். அவர் அதை நெடுநேரம் கையில் வைத்து உருட்டிக்கொண்டிருந்தார். "மில்லில் நான் ஒரு பேரிங்கை இப்படி விட்டிருப்பேனா தம்பி?" என்று கேட்டார். "விட்டிருக்க மாட்டீர்கள் அண்ணா. பேரிங் சத்தம் போடும். வயர் போடாது" என்றேன்.

ஆர்சிசிபியில் டெஸ்ட் என்று எழுதிய சிறிய பொத்தான் எதற்கு என்று கேட்டார். மாதம் ஒருமுறை அழுத்த வேண்டும், அழுத்தியதும் விழ வேண்டும், விழாவிட்டால் உடனே என்னைக் கூப்பிட வேண்டும் என்றேன். இப்போது ஒவ்வொரு மாதமும் முதல் தேதி, நாள்காட்டித் தாளைக் கிழித்த கையோடு ஷெட்டுக்குப் போய் அதை அழுத்துகிறாராம். அழுத்தும் வேலையைப் பேத்தி வாங்கிக்கொண்டுவிட்டாள் என்று போன வாரம் சொன்னார்.