ஏழு பிடிபடும் வயது

தகிட தக திமி, தகிட தக திமி. கர்நாடக இசையின் மிஸ்ர சாபு தாளத்தைத் தட்டிப் பழகிய கைக்கு ஏழு அட்சரம், அதாவது ஏழு எண்ணிக்கை, ஒரு பொருட்டே இல்லை. தென்கிழக்கு ஐரோப்பாவின் பால்கன் பகுதியில் இருக்கும் மாசிடோனியாவில் கைகோத்து ஆடுகிறவர்களின் கால்களுக்கும் அப்படித்தான். அங்கே லெஸ்னோதோ என்று ஓர் ஆட்டம் உண்டு. அதன் தாளமும் மூன்று, இரண்டு, இரண்டு என்றே பிரியும். பக்கத்து பல்கேரியாவின் ரச்செனித்சா அதைப் புரட்டிப் போட்டு இரண்டு, இரண்டு, மூன்று என்று ஓடும். இதை வைத்து அவர்களுக்கும் நமக்கும் பழைய உறவு ஏதோ இருந்தது என்று கிளம்பிவிட வேண்டாம். ஏழு எண்ணிக்கையை இப்படிப் பிரிப்பது யாருக்கும் தோன்றக்கூடியதுதான். ஆனால் நாலு நாலாகத் தட்டும் பாப் இசையில் வளர்ந்த ஒருவரை அந்த ஆட்டத்தில் இறக்கிப் பாருங்கள். ஏழு முடிந்ததும் இல்லாத எட்டாவது தட்டைத் தேடி அவர் கால் அந்தரத்தில் நிற்கும்.

அவருக்குக் காது நன்றாகவே கேட்கிறது. பிறகு எங்கே தடுக்கிறது?

தாளம் கேட்கும்போது மூளை சும்மா இருப்பதில்லை. அடுத்த தட்டு எப்போது விழும் என்று முன்கூட்டியே கணித்துக்கொண்டிருக்கிறது. மேற்கத்திய இசையில் பெரும்பாலும் தட்டுகள் சம இடைவெளியில் விழும், மாறினாலும் இரட்டிப்பாகும். லெஸ்னோதோவில் முதல் பகுதி மற்றவற்றைப் போல ஒன்றரை மடங்கு. பழக்கமில்லாத மூளை இந்த ஒன்றரையை ஒன்றாகவோ இரண்டாகவோ இழுத்துத் திருத்திக்கொள்கிறது. அந்த அச்சு எந்த வயதில் வார்க்கப்படுகிறது என்பதுதான் சுவாரசியமான கேள்வி.

எரின் ஹானன், சான்ட்ரா ட்ரெஹப் என்ற இரு ஆய்வாளர்கள் 2005இல் வெளியிட்ட ஆய்வுகள் இதைக் கைக்குழந்தைகளிடமே கேட்டன. பேசாத குழந்தையிடம் எப்படிக் கேட்பது? பார்வையை வைத்துத்தான். ஒரு மெட்டைப் பழக்கிவிட்டு, பிறகு இரண்டு விதமாக மாற்றிப் போட்டார்கள். ஒன்றில் தாளக்கட்டு அப்படியே இருக்கும், மற்றதில் கலைந்திருக்கும். கலைந்தது புதிதாகப் பட்டால் குழந்தை திரையை அதிக நேரம் பார்க்கும். வட அமெரிக்காவில் வளரும் ஆறு மாதக் குழந்தைகள் சொந்த ஊர்த் தாளம், பால்கன் தாளம் இரண்டிலும் கலைப்பைக் கண்டுகொண்டன. பன்னிரண்டு மாதக் குழந்தைகளோ பெரியவர்களைப் போலவே பழகிய தாளத்தில் மட்டும் கண்டுகொண்டன. பல்கேரியாவிலும் மாசிடோனியாவிலும் வளர்ந்த பெரியவர்களுக்கு இரண்டுமே பிடிபட்டன.

அதாவது ஏழின் தாளத்தை உணரக் குழந்தை கற்றுக்கொள்ள வேண்டியதில்லை. கேட்காமலே விட்டால் ஒரு வயதுக்குள் கைநழுவுகிறது.

பேச்சிலும் இதே கதைதான். இந்தியின் நாமடி ஒலியையும் பல்லொலியையும், நம் கணக்கில் ட, த இரண்டையும், ஆங்கிலம் மட்டுமே கேட்டு வளரும் குழந்தை ஆறேழு மாதத்தில் பிரித்தறிகிறது. ஒரு வயதை நெருங்கும்போது அந்தத் திறன் மங்கிவிடுகிறது. ஜேனட் வெர்க்கரும் ரிச்சர்ட் டீஸும் இதை 1984லேயே காட்டினார்கள். இது மூளையின் குறை அல்ல, சிக்கனம். தினமும் காதில் விழும் ஒலிகளை வேகமாகப் பிரிக்க, விழாதவற்றை அது ஒதுக்கிவைக்கிறது.

ஒதுக்கியதை மீட்கலாமா? ஹானனும் ட்ரெஹப்பும் அதையும் பார்த்தார்கள். பால்கன் ஆட்ட இசை பதிந்த குறுந்தகடு ஒன்றைப் பெற்றோரிடம் கொடுத்து, வீட்டில் நாளுக்கு இருமுறை, பத்துப் பத்து நிமிடம், இரண்டு வாரம் போடச் சொன்னார்கள். பாடமில்லை, பயிற்சியில்லை. பன்னிரண்டு மாதக் குழந்தைகளுக்கு அந்தத் தாளத்தின் கலைப்பு மறுபடி புலப்பட்டது. பெரியவர்களுக்கு அவ்வளவு கேட்டும் வரவில்லை.

வீட்டில் வேற்று இசை ஒலிக்கவிட நினைப்பவர்கள் நாளுக்கு இருபது நிமிடம் என்ற இந்த அளவை நினைவில் வைத்தால் போதும். இதனால் பிள்ளைக்கு அறிவு கூடும் என்று விற்கிறவர்களை நம்ப வேண்டாம். அமெரிக்காவின் ஜார்ஜியா மாநில ஆளுநர் 1998இல், அங்கே பிறக்கும் குழந்தைகளுக்கெல்லாம் செவ்வியல் இசைத் தட்டு கொடுக்க அரசுப் பணம் கேட்டார். அந்த ஆர்வத்துக்குத் தூண்டுகோலான, மொசார்ட்டின் இசையைக் கேட்டால் அறிவுத்திறன் கூடுகிறதா என்று பார்த்த ஆய்வோ கல்லூரி மாணவர்களிடம் நடந்தது. அதில் தெரிந்த பலனும் சில நிமிடங்களே நீடித்தது.

இதில் உடம்புக்கும் பங்குண்டு. அதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. அதே 2005இல் ஜெசிகா பிலிப்ஸ்-சில்வரும் லாரல் டிரெய்னரும் ஏழு மாதக் குழந்தைகளுக்கு, எங்கும் அழுத்தமில்லாத ஒரே தாளத்தை இரண்டு நிமிடம் போட்டார்கள். சில குழந்தைகளை இரண்டு தட்டுக்கு ஒருமுறை தூக்கி ஆட்டினார்கள், சிலவற்றை மூன்றுக்கு ஒருமுறை. பின்னர் ஒவ்வொரு குழந்தையும் தன்னை ஆட்டிய கணக்கில் அழுத்தம் விழும் தாளத்தையே அதிகம் கேட்க விரும்பியது. கண்ணைக் கட்டி ஆட்டியபோதும் அப்படியே. மற்றவர் ஆடுவதை வெறுமனே பார்த்த குழந்தைகளிடம் அந்த விளைவு இல்லை.

ஆகவே கைப்பேசியில் ஆட்டக் காணொளியைக் காட்டுவதைவிட, அந்தப் பாட்டைப் போட்டுக் குழந்தையை மடியில் தூக்கி ஆட்டுவதற்கே பலன் இருக்கும்போலத் தெரிகிறது. லெஸ்னோதோவுக்கு அப்பாவின் கால் தடுமாறினால், தகிட என்னும்போது ஒரு தூக்கு, தக என்னும்போது ஒன்று, திமிக்கு ஒன்று.