நீலகிரி இ-பாஸ்: கர்நாடகப் பதிவெண் காரில் ஊருக்குப் போகும் பெங்களூருத் தமிழர்களுக்கு

கர்நாடகப் பதிவெண் கொண்ட காரில் பெங்களூரிலிருந்து நீலகிரிக்குப் போகிறவர் குன்னூரிலேயே பிறந்தவராக இருந்தாலும், அவருடைய தாயும் தந்தையும் இன்றும் கோத்தகிரியிலேயே குடியிருந்தாலும், சோதனைச்சாவடியின் கணக்கில் அவர் சுற்றுலாப் பயணிதான். இதை முதலில் மனத்தில் பதித்துக்கொண்டால், மலைக்கு வரும் வண்டிக்கு இணையத்தில் எடுக்க வேண்டிய அனுமதியான இ-பாஸ் தொடர்பாக நம்மவர்கள் படும் அலைச்சலில் பெரும்பகுதியைத் தவிர்த்துவிடலாம். "எங்கள் ஊருக்குப் போக எங்களுக்கு எதற்கு அனுமதி" என்ற கேள்வி நியாயமானதே. ஆனால் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் அதிகாரம் சாவடியில் நிற்கும் ஊழியருக்குக் கிடையாது.

பின்னணி சுருக்கமானது. மலையில் நெரிசல் அளவு மீறியதால், 2024 ஏப்ரல் மாத இறுதியில் சென்னை உயர் நீதிமன்றம் உதகைக்கும் கொடைக்கானலுக்கும் வரும் வாகனங்களுக்கு இ-பாஸ் கட்டாயம் என்று உத்தரவிட்டது. 2024 மே 7 முதல் அது நடைமுறைக்கு வந்தது. தொடக்கத்தில் கேட்டவர் அனைவருக்கும் பாஸ் கிடைத்தது. 2025 மார்ச்சில் நீதிமன்றம் கோடைக்காலத்துக்கு உச்சவரம்பு வைத்தது: ஏப்ரல் முதல் ஜூன் வரை உதகைக்கு வார நாட்களில் 6,000 வாகனங்கள், வார இறுதியில் 8,000 வாகனங்கள். கொடைக்கானலுக்கு அதே முறையில் 4,000, 6,000. மலை எத்தனை வண்டிகளைத் தாங்கும் என்று ஆராயும் பொறுப்பு சென்னை ஐ.ஐ.டி.க்கும் நம்முடைய பெங்களூரு ஐ.ஐ.எம்.முக்கும் தரப்பட்டது. பயணத்தைத் திட்டமிட இவ்வளவு வரலாறு போதும்.

பாஸ் எடுப்பது கடினமான வேலை அல்ல. தமிழ்நாடு அரசின் இ-பாஸ் இணையதளத்தில் கைப்பேசி எண்ணைக் கொடுத்து உள்ளே போய், வாகன எண், வண்டியின் வகை, எத்தனை பேர், எந்த நாள் வருகிறீர்கள், எந்த நாள் திரும்புகிறீர்கள், எங்கே தங்குகிறீர்கள் என்ற விவரங்களை நிரப்பினால் கியூ.ஆர். குறியுடன் பாஸ் கிடைக்கும். கட்டணம் ஒரு பைசாவும் கிடையாது. ஆகையால், "உறுதியாக எடுத்துத் தருகிறோம்" என்று பணம் கேட்கும் எவரிடமும், அது பயண முகவராக இருந்தாலும் அரசுத் தளத்தைப் போலத் தோற்றமளிக்கும் இணையப் பக்கமாக இருந்தாலும், பணம் கொடுக்காதீர்கள். அது அரசின் அதிகாரபூர்வத் தளம்தானா என்பதை இணைய முகவரியைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

சிக்கல் தொடங்குவது வாகன எண்ணில். பாஸ் ஆளுக்குக் கொடுக்கப்படுவதில்லை, வண்டிக்குக் கொடுக்கப்படுகிறது. சொந்தக் கார் வைத்திருப்பவருக்கு இது பெரிய விஷயமாகத் தோன்றாது. ஆனால் பெங்களூரில் தொழில்நுட்ப நிறுவனங்களில் வேலை செய்யும் நம் இளைஞர்களில் பலர், கருப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து கொண்ட வாடகைக் கார்களை எடுத்துத் தாங்களே ஓட்டிச் செல்கிறார்கள். அந்த நிறுவனங்கள் எந்த வண்டி வரும் என்பதைப் பெரும்பாலும் பயண நாள் நெருங்கும்போதுதான் சொல்கின்றன, சில சமயம் சாவியைக் கொடுக்கும் நேரத்தில்தான் எண் தெரிகிறது. உச்சவரம்பு அமலில் உள்ள ஒரு சனிக்கிழமை காலையில் அந்த எண்ணை வைத்துக்கொண்டு விண்ணப்பித்தால், அன்றைய ஒதுக்கீடு முடிந்துவிட்டது என்ற செய்திதான் வரக்கூடும். வேறொரு வண்டியின் எண்ணில் முன்கூட்டியே எடுத்து வைத்த பாஸ் இந்த வண்டிக்குச் செல்லாது. ஆகவே வாடகைக் காருக்குப் பணம் கட்டும் முன்பே வண்டி எண்ணை உறுதி செய்து தரச் சொல்லுங்கள். தர முடியாது என்றால் கோடை வார இறுதியில் அந்த ஏற்பாட்டை நம்பிப் புறப்படாதீர்கள்.

மஞ்சள் பலகை டாக்சியில் போகிறவர்கள், பாஸை ஓட்டுநர் எடுப்பாரா நாம் எடுக்க வேண்டுமா என்பதை வாய்மொழியாக விடாமல் முடிவு செய்துகொள்ள வேண்டும். ஒருவர் மற்றவரை நம்பி இருவரும் எடுக்காமல் எல்லைவரை வந்துவிடுவது அடிக்கடி நடக்கிறது. டாக்சிக்கு மாநில எல்லையைக் கடக்கத் தேவையான சுற்றுலா பெர்மிட் என்பது முற்றிலும் வேறு ஆவணம். ஒன்று இருப்பதால் மற்றொன்று தேவையில்லை என்று ஆகிவிடாது.

இனி, மிகுந்த மனவருத்தத்தைத் தரும் பகுதிக்கு வருகிறேன். 1964ஆம் ஆண்டு இந்திய-இலங்கை ஒப்பந்தத்தின் பின் தாயகம் திரும்பிய மலையகத் தமிழர்களில் பல குடும்பங்கள் கூடலூர், கோத்தகிரி, குன்னூர் பகுதித் தேயிலைத் தோட்டங்களில் குடியமர்ந்தன. அவர்களுடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்று திருப்பூரிலும் கோவையிலும் பெங்களூரிலும் வேலை செய்கிறார்கள். பொம்மசந்திராவிலும் பீனியாவிலும் தொழிற்சாலை வேலை பார்த்து, தவணையில் ஒரு பழைய காரை வாங்கி, வயதான பெற்றோரைப் பார்க்க மலையேறும் இவர்களுக்கும், மலர்க் கண்காட்சி பார்க்க வருபவருக்கும் படிவத்தில் எந்த வேறுபாடும் இல்லை.

உள்ளூர் மக்களுக்கு விலக்கு உண்டு என்று உத்தரவு சொல்கிறது. அந்த "உள்ளூர்" எப்படி அடையாளம் காணப்படுகிறது என்பதில்தான் கண்ணி இருக்கிறது. டி.என். 43 என்ற நீலகிரிப் பதிவெண் கொண்ட வண்டிக்குப் பாஸ் தேவையில்லை. வேறு பதிவெண் கொண்ட வண்டியை வைத்திருக்கும் நீலகிரிவாசி, வண்டியின் பதிவுச் சான்று (ஆர்.சி.), காப்பீடு, புகைச் சான்று ஆகியவற்றுடன் உதகையில் உள்ள வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் விண்ணப்பித்து உள்ளூர் பாஸ் பெற்றுக்கொள்ளலாம். ஆனால் இது அங்கே வசிப்பவருக்கான வழி. ஊரில் வீடு இருக்கிறது, ரேஷன் அட்டையில் அப்பாவின் பெயர் இருக்கிறது, நான் படித்த பள்ளி அங்கேதான் என்பவை எல்லாம் உண்மையாக இருந்தாலும், ஆதாரிலும் ஆர்.சி.யிலும் பெங்களூரு முகவரி இருக்கும்போது அந்த விண்ணப்பம் நிற்பது கடினம். சாவடியில் கேட்டால் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குப் போகச் சொல்வார்கள், அங்கே கேட்டால் ஆட்சியர் அலுவலகத்தைக் காட்டுவார்கள், அங்கே இணையதளத்தில் பாருங்கள் என்பார்கள். வேலைக்கு இரண்டு நாள் விடுப்பு எடுத்து வந்தவருக்கு இந்தச் சுற்றிலேயே விடுப்பு தீர்ந்துவிடும். அதனால் என் அறிவுரை கசப்பாக இருந்தாலும் தெளிவானது: உள்ளூர் விலக்கைத் துரத்திக்கொண்டு நிற்காமல், சுற்றுலாப் பயணிக்கான பாஸையே எடுத்துக்கொண்டு பெற்றோரைப் போய்ப் பாருங்கள். தங்கும் இடம் கேட்கும் கட்டத்தில் உறவினர் வீட்டு முகவரியைக் கொடுப்பதில் தவறில்லை.

சிலர் இதற்கு ஒரு குறுக்கு வழி கண்டுபிடித்திருக்கிறார்கள். ஊரில் அண்ணன் பெயரிலோ அப்பா பெயரிலோ டி.என். 43 எண்ணில் வண்டி வாங்கி, அதைப் பெங்களூரிலேயே நிரந்தரமாக ஓட்டுகிறார்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 47ஆம் பிரிவுப்படி, ஒரு மாநிலத்தில் பதிவான வண்டி வேறொரு மாநிலத்தில் 12 மாதங்களுக்கு மேல் வைக்கப்பட்டால் அங்கே மறுபதிவு செய்ய வேண்டும். பெங்களூரில் போக்குவரத்துத் துறையினர் வெளிமாநில வண்டிகளை நிறுத்திச் சோதிப்பதும், ஆயுள் வரி கேட்பதும் நாம் அறிந்ததே. மலையில் வரிசையில் நிற்காமல் இருப்பதற்காகப் பெங்களூரில் பெரிய தொகையைக் கட்டும் நிலை வர வேண்டாம். அதேபோல, முறையாக மறுபதிவு செய்து கே.ஏ. எண்ணுக்கு மாறிய அன்றே நீலகிரிப் பதிவெண்ணால் கிடைத்த விலக்கும் போய்விடுகிறது என்பதையும் தெரிந்துகொண்டு செய்யுங்கள்.

துக்க வீட்டுக்குப் போகிறவர்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஆம்புலன்ஸ் போன்ற அவசர ஊர்திகளுக்கு விலக்கு உண்டு. சாவுக்குப் போகும் காருக்கென்று ஒரு கட்டம் படிவத்தில் இல்லை. பாட்டி இறந்த செய்தி கேட்டு விடியற்காலையில் குழந்தைகளோடு புறப்பட்ட ஒரு குடும்பத்தை, பாஸ் இல்லை என்ற ஒரே காரணத்துக்காகச் சாவடி ஒன்றில் நீண்ட நேரம் நிறுத்தி வைத்ததைப் பார்த்திருக்கிறேன். மேலதிகாரி ஒருவருக்குத் தொலைபேசியில் விளக்கிய பிறகே விட்டார்கள். அதற்குள் மலையில் எடுக்க வேண்டிய நேரம் நெருங்கிவிட்டது. சாவுக்கு முன்பதிவு செய்ய முடியாது என்பதை ஒரு விதி எழுதுகிறவர்கள் நினைத்துப் பார்த்திருக்க வேண்டும். இப்படியான சமயத்தில் வண்டியில் ஏறும் முன், ஓட்டாத ஒருவர் கைப்பேசியில் உடனே விண்ணப்பிக்கட்டும். ஒதுக்கீடு முடிந்திருந்தால், ஊரில் உள்ளவர்களைக் கொண்டு கிராம நிர்வாக அலுவலரிடமோ காவல் நிலையத்திலோ செய்தியைச் சொல்லி வைத்து, அவர்களுடைய எண்ணைக் கையில் வைத்திருங்கள். சாவடி ஊழியருக்குத் தன் பொறுப்பில் விட அதிகாரம் இல்லை, ஆனால் இன்னொரு அதிகாரி சொன்னார் என்றால் அவருக்கும் ஒரு பிடிமானம் கிடைக்கிறது.

மைசூரு, குண்டலுப்பேட்டை வழியாகப் போகிறவர்களுக்குக் கக்கநல்லாதான் தமிழ்நாட்டு நுழைவாயில். சத்தியமங்கலம், மேட்டுப்பாளையம் வழியாகச் சுற்றி வந்தால் சோதனை இருக்காது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். குன்னூர்ப் பாதைக்குக் கல்லாறிலும் கோத்தகிரிப் பாதைக்குக் குஞ்சப்பனையிலும் அதே சோதனை உண்டு. பந்திப்பூர் காட்டுக்குள் கைப்பேசி இணைப்பை நம்ப முடியாது. ஆகவே பாஸைக் குண்டலுப்பேட்டைக்கு முன்பே பதிவிறக்கி, ஸ்கிரீன்ஷாட்டாகச் சேமித்து, முடிந்தால் தாளிலும் அச்சிட்டு வைத்துக்கொள்ளுங்கள். உச்சவரம்பு இல்லாத நாட்களில் சாவடியிலேயே கைப்பேசியில் விண்ணப்பித்து உள்ளே போனவர்கள் உண்டு. அந்த அனுபவத்தை நம்பிக் கோடையில் கிளம்புவது ஆபத்து. 200 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டி வந்தபின் திரும்பிப் போகச் சொல்வார்கள். அப்படித் திரும்பும்போதும் கடிகாரத்தைப் பார்க்க வேண்டும், ஏனெனில் பந்திப்பூர் வழியே இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை வாகனங்களுக்குத் தடை. மாலையில் கக்கநல்லாவில் வாக்குவாதம் செய்து நேரத்தைக் கழித்தவர்கள் இரு பக்கமும் போக முடியாமல் சிக்கிக்கொள்ளும் நிலை வரும்.

திரும்பும் வழியிலும் இதே கணக்கு உண்டு. மசினகுடியிலிருந்து கல்லட்டி மலைப்பாதை 36 கொண்டை ஊசி வளைவுகளுடன் உதகைக்கு ஏறுகிறது. கைப்பேசி வரைபடம் அதைக் குறுகிய வழியாகக் காட்டும். விபத்துகளுக்குப் பிறகு, வெளியூர் வண்டிகள் அந்தப் பாதையில் இறங்க அனுமதிக்கப்படுவதில்லை, தலைக்குந்தாவில் தடுத்துக் கூடலூர் வழியே திருப்பிவிடுகிறார்கள். இ-பாஸைக் காட்டினாலும் பயனில்லை. கூடலூர் வழி நீளமானது. ஆகையால் 9 மணிக்கு முன் காட்டைக் கடக்க வேண்டுமானால் பிற்பகலிலேயே உதகையை விட்டுப் புறப்படுங்கள்.

இ-பாஸ் என்பது மலைக்குள் நுழைய அனுமதி மட்டுமே. உதகையில் வண்டியை நிறுத்த அது இடம் தராது. கோடைச் சீசனில் ஒருவழிப் பாதைகள் மாற்றப்படுகின்றன, பெரிய வண்டிகள் ஊருக்கு வெளியே நிறுத்தப்படுகின்றன, அங்கிருந்து சுற்றுப் பேருந்தில்தான் பூங்காவுக்கும் ஏரிக்கும் போக வேண்டியிருக்கும். முழங்கால் வலியுள்ள பெரியவர்களை அழைத்துப் போகிறவர்கள் இதை முன்கூட்டியே யோசிக்க வேண்டும். நீலகிரி மாவட்டம் வசூலிக்கும் பசுமை வரியும் பாஸில் அடங்காது. பிளாஸ்டிக் தண்ணீர்ப் புட்டிகளையும் பிளாஸ்டிக் பைகளையும் சாவடியில் எடுத்து வைத்துக்கொள்வார்கள், அபராதமும் விதிப்பார்கள். எவர்சில்வர் பாட்டிலில் தண்ணீர் கொண்டு போங்கள்.

பாஸ் கிடைக்கவே இல்லை என்றால் பயணத்தைக் கைவிட வேண்டியதில்லை. அரசுப் பேருந்தில் போகிறவருக்கு இ-பாஸ் தேவையில்லை. மைசூரு சாலை சேட்டிலைட் பேருந்து நிலையத்திலிருந்து உதகைக்குக் கர்நாடக அரசுப் பேருந்துகள் போகின்றன. காரில்தான் கிளம்ப முடியும் என்ற நிலையில் உள்ளவர்கள் மைசூருவில் தெரிந்தவர் வீட்டில் வண்டியை விட்டுவிட்டு அங்கிருந்து பேருந்து பிடிக்கலாம். கோடை வார இறுதியில் இருக்கை கிடைப்பதும் எளிதல்ல என்பதால், இணையதளத்தில் ஒதுக்கீடு முடிந்தது என்று கண்ட அந்த நிமிடமே பேருந்துக்கு முன்பதிவு செய்துவிடுங்கள்.