‘இசை மதிப்பெண்’ வேண்டாம், ‘இசைக்கோப்பு’ம் வேண்டாம்

மிலான் நகரிலுள்ள ரிக்கோர்தி இசைப் பதிப்பகத்தின் ஆவணக் காப்பகத்தில் ‘இத்தாலிய இசை மதிப்பெண்கள்’ பாதுகாக்கப்படுகின்றன என்று இந்த மாதம் மூன்றாவது முறையாகப் படித்துவிட்டேன். எல்லாக் கருவிகளுக்கும் பாடகர்களுக்கும் உரிய வரிகளைச் சேர்த்து எழுதிய இசை ஏட்டை ஆங்கிலத்தில் ஸ்கோர் (score) என்பார்கள். அகராதியில் அந்தச் சொல்லுக்கு எதிரே முதலில் கண்ணில் பட்டதை எடுத்து ஒட்டினால் இப்படித்தான் ஆகும்.

ஸ்கோர் என்பதன் வேர்ப்பொருள் வெட்டுக்குறி. எண்ணிக்கைக்காகக் கீறிய கீறல் ஆட்டப் புள்ளியானது. இசைத்தாளின் வரிகளைச் சேர்த்து மேலிருந்து கீழாக இழுத்த கோடு ஏட்டுக்கே பெயரானது. இதே ஏட்டுக்கு இத்தாலியர் சொல்வது பார்த்திதூரா. பகுத்தல் என்ற வினையிலிருந்து வந்தது.

சரி, மதிப்பெண்ணை விடுங்கள். அதைத் திருத்த வருபவர்கள் தரும் ‘இசைக்கோப்பு’தான் என்னை அதிகம் உறுத்துகிறது. கோத்தல் அழகான வினை, மறுக்கவில்லை. ஆனால் இன்று இசைக்கோப்பு என்றால் கைபேசியில் இறக்கிக்கொள்ளும் பாட்டுதான் நினைவுக்கு வரும். அதுவும் காப்பகத்தைப் பற்றி எழுதும்போது! அங்கே கடிதங்கள், மேடை ஓவியங்கள், ஓப்பரா என்னும் இசை நாடகங்களின் வசனமும் பாட்டு வரிகளும் அடங்கிய சுமார் 10,000 உரைநூல்கள் எல்லாம் உண்டு. எது கோப்பு, எது இசை என்று படிப்பவர் திண்டாடுவார். ‘இசைக்குறிப்பு’ இதைவிடத் தேவலாம், ஆனாலும் போதாது. வயலின்காரர் முன்னால் இருப்பதும் இசைக்குறிப்புதான்; அதில் அவருடைய வரி மட்டுமே இருக்கும். இசை நடத்துநர் முன்னால் விரிந்திருக்கும் பக்கத்திலோ புல்லாங்குழல், கொம்பு, பாடகர், செல்லோ எல்லாருக்கும் ஆளுக்கொரு வரி, ஒன்றன்கீழ் ஒன்றாக. ஒரே கணத்தில் யார் யார் ஒலிக்கிறார்கள் என்பதை மேலிருந்து கீழாகப் படிக்கலாம்.

இந்த வேறுபாடு ரிக்கோர்திக்கு உயிர்நாடி. 1808இல் பதிப்பகத்தைத் தொடங்கிய ஜொவான்னி ரிக்கோர்தி, ஏடுகளைப் படியெடுத்துப் பிழைத்தவர். பெரிய ஏட்டிலிருந்து ஒவ்வொரு கருவிக்கும் அதன் வரியைத் தனியாகப் பிரித்து எழுதுவது படியெடுப்பவர் வேலை. இரண்டையும் ஒரே சொல்லால் அழைத்தால் அவர் தொழிலையே விளக்க முடியாது.

ஆகவே பெரியதைச் ‘சுர ஏடு’ என்றும், பிரித்தெழுதியதைத் ‘தனித்தாள்’ என்றும் சொல்லலாம். சுரம் வடசொல் என்று சிலர் முகம் சுளிப்பார்கள். இருக்கட்டும், பாட்டுக் கற்கும் பிள்ளைக்கும் புரிகிற சொல் அது. புரியாத தூய்மையைவிட எனக்கு அதுவே மேல். இப்போது எழுதிப் பாருங்கள்: இத்தாலிய இசையமைப்பாளர் வெர்டியின் 28 ஓப்பராக்களில் 23இன் சுர ஏடுகள், அவர் கைப்பட எழுதியவை, ரிக்கோர்தி காப்பகத்தில் இருக்கின்றன.