பம்ப் ஹீட்டரின் சுடர் ஏன் மஞ்சளாகிறது?

புதுச்சேரி மகாத்மா காந்தி சாலையில் ஞாயிறுதோறும் கூடும் சண்டே மார்க்கெட்டில், ராணுவத்தில் கழித்துவிட்ட பொருள் என்று சொல்லி விற்கப்பட்ட மண்ணெண்ணெய் ஹீட்டர் ஒன்றை, கடலூர் மஞ்சக்குப்பத்தில் எங்கள் தெருவில் வசிக்கும் முன்னாள் படைவீரர் ஒருவர் வாங்கி வந்தார். வடக்கே கூடாரத்தில் குளிர்காய்ந்த நாள்களின் நினைவு அவருக்கு. ஆனால் பற்றவைத்தவுடன் அது ஓர் ஆள் உயரத்துக்கு மஞ்சள் சுடரைக் கக்கிப் புகைந்து அணைந்தது. எங்கள் ஊரின் வெயிலுக்கு ஹீட்டர் வேண்டியதில்லைதான். எனினும், மேலே உள்ள துளையிட்ட இரும்புக் கூம்பைக் கழற்றிவிட்டால், உள்ளே இருப்பது நம் வீடுகளில் இருந்த அதே பம்ப் ஸ்டவ். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்து மின்கம்பங்களைச் சாய்த்த பிறகு, பரணிலிருந்து இறக்கிய அந்த ஸ்டவ்தான் எங்களுக்குச் சோறாக்கித் தந்தது.

1892-இல் சுவீடனில் பிரான்ஸ் வில்ஹெல்ம் லிண்ட்க்விஸ்ட் வடிவமைத்த பிரைமஸ் அடுப்பே இந்தக் குடும்பத்தின் மூதாதை. திரியில்லாமல், புகையில்லாமல் மண்ணெண்ணெயை எரிப்பது அதன் சிறப்பு. தொட்டியிலுள்ள காற்றழுத்தம் எண்ணெயை மேலே தள்ளுகிறது. எண்ணெய் சுடரை ஒட்டிச் செல்லும் பித்தளைக் குழாய்க்குள் புகுந்து ஆவியாகிறது. அந்த ஆவி நிப்பிள் எனப்படும் சிறு முனையின் நுண்துளை வழியே சீறி, சுற்றியுள்ள காற்றையும் இழுத்துக்கொண்டு பர்னரில் எரிகிறது. எரியும் சுடரே அடுத்துவரும் எண்ணெயை ஆவியாக்குகிறது. மண்ணெண்ணெய் ஏறத்தாழ 150 டிகிரி செல்சியஸில் கொதிக்கத் தொடங்கி, முழுதும் ஆவியாக 300 டிகிரி வரை கேட்கும். குழாய் அந்தச் சூட்டை எட்டாதபோது துளையிலிருந்து எண்ணெய்த் துளிகளே பீய்ச்சும். அவை காற்றோடு கலக்க முடியாமல் அரைகுறையாக எரிந்து கரியைத் துப்பும். சுடரை மஞ்சளாக்குவது கடும் சூட்டில் ஒளிரும் அந்தக் கரித்துகள்களே. ஆகவே ஆள் உயரச் சுடரைக் கண்டதும் முதலில் சந்தேகிக்க வேண்டியது, பற்றவைப்பதற்கு முன் குழாயைச் சூடாக்க, பர்னருக்கு அடியிலுள்ள கிண்ணத்தில் ஊற்றி எரிக்கும் ஸ்பிரிட்டின் அளவைத்தான். அவர் பாதிக் கிண்ணம் ஊற்றியிருந்தார். நிரம்ப ஊற்றி, அது எரிந்து முடியும் தறுவாயில் பம்ப் அடித்தபோது உயரம் குறைந்தது. மஞ்சள் நிறம் மட்டும் போகவில்லை.

அடுத்து பம்ப். இதன் தோல் வாசர் எளிய பொருளாகத் தோன்றினாலும் நான் மிகவும் மதிக்கும் உறுப்பு அது. கிண்ண வடிவில் இருப்பதால், தண்டைக் கீழே அழுத்தும்போது காற்று அதன் விளிம்பை விரித்துக் குழாயோடு ஒட்டவைக்கிறது. மேலே இழுக்கும்போது விளிம்பு சுருங்கிப் புதுக் காற்றுக்கு வழிவிடுகிறது. காய்ந்த தோல் விரியாது. அப்போது தண்டு எதிர்ப்பே இல்லாமல் இறங்கும். ஓர் இரவு எண்ணெயில் ஊறவைத்தால் பெரும்பாலும் உயிர்பெற்றுவிடும். அவருடைய ஹீட்டரில் தண்டு நன்றாகவே எதிர்த்தது. ஆனால் கையை விட்டதும் தானாக மெல்ல மேலே எழுந்தது. தொட்டியின் காற்றைத் திரும்பவிடாமல் தடுக்கவேண்டிய அடி வால்வின் ரப்பர் இறுகிப்போய், அழுத்தம் பம்புக்குள் பின்வாங்கியதே காரணம். திருப்பாதிரிப்புலியூரில் ஸ்டவ் ரிப்பேர் பார்த்த முதியவர் ஒருவர், தண்டு எழுகிறதா என்று பார்த்த பிறகே வேறெதையும் தொடுவார். வால்வின் ரப்பரை மாற்றினோம்.

மஞ்சள் நிறத்துக்கு உண்மையான காரணம் நிப்பிளில் இருந்தது. மண்ணெண்ணெய் பர்னரில் அத்துளையின் விட்டம் சுமார் 0.3 மி.மீ. அடைப்பை நீக்க நாம் செருகும் ஸ்டவ் பின் அதற்கென்றே மெல்லிதாகச் செய்யப்பட்டது. அதற்குப் பதிலாகத் தையல் ஊசியை யாரோ பலமுறை குத்தியிருக்க வேண்டும்; துளை அகன்றும் ஒருபக்கம் சாய்ந்தும் இருந்தது. விட்டம் 0.30-இலிருந்து 0.36 மி.மீ. ஆனாலும் பரப்பு 1.44 மடங்காகிவிடும், வெளிவரும் ஆவியும் ஏறத்தாழ அந்த அளவு கூடும். உள்ளே இழுக்கப்படும் காற்றோ அதே விகிதத்தில் கூடுவதில்லை. ஒரு கிலோ மண்ணெண்ணெய் முழுதாக எரிய ஏறத்தாழ 15 கிலோ காற்று வேண்டும் என்பதை நினைத்தால், இந்த மயிரிழை வேறுபாடு ஏன் சுடரின் நிறத்தையே மாற்றுகிறது என்பது விளங்கும். அகன்ற துளையைச் சுருக்க வழியில்லை; புது நிப்பிள்தான் போட வேண்டும். அதை மாட்டியதும் சுடர் நீலமாகி, பழைய ஸ்டவ்வின் இரைச்சலோடு எரிந்தது.

கடற்கரை ஊரில் இன்னொரு கவலை தொட்டி. உப்புக் காற்றில் இரும்புத் தொட்டி வெளியே மட்டுமன்றி, அடியில் தேங்கும் நீரால் உள்ளேயும் துருப்பிடிக்கும். அந்தத் துருத்தூளே பிறகு நிப்பிளை அடைக்கும். அழுத்தம் ஏற்றி, பற்றவைக்காமல், மூட்டுகளில் சோப்பு நுரை தடவினால் கசிவு குமிழாகத் தெரியும். ஓட்டைத் தொட்டியை வெல்டிங் செய்து அடைக்கும் எண்ணம் வேண்டாம்: காலியான தொட்டியில் மிஞ்சிய எண்ணெய் ஆவி காற்றோடு கலந்து வெடிக்கக்கூடியது. மண்ணெண்ணெய்க்குப் பதில் பெட்ரோல் ஊற்றுவதும் அதே அளவு ஆபத்து. அது சாதாரண வெப்பத்திலேயே தாராளமாக ஆவியாகி, சூடேறும் தொட்டியில் அழுத்தத்தைக் கட்டுக்கு மீறி ஏற்றிவிடும். பழைய ராணுவ ஹீட்டர்களின் வெள்ளை நாரிழைப் பட்டைகளில், நுரையீரலுக்குக் கேடான ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும் என்பதால் அவற்றைச் சுரண்டாமல் விட்டோம்.

நீலச் சுடர் வந்த பிறகும், அதைக் கூடத்துக்குள் எடுத்துச் செல்ல வேண்டாம் என்று அவரிடம் கேட்டுக்கொண்டேன். ஒரு லிட்டர் மண்ணெண்ணெய் எரியும்போது ஏறத்தாழ இரண்டரைக் கிலோ கார்பன் டை ஆக்சைடும், ஒரு லிட்டருக்குச் சற்று மேலான நீரும் ஆவியாக வெளிவருகின்றன. மூடிய அறையில் ஆக்சிஜன் குறையக் குறைய, நிறமும் மணமும் இல்லாத கார்பன் மோனாக்சைடும் உண்டாகும். ரத்தத்தின் ஹீமோகுளோபினோடு அது ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுகப் பிணைந்துகொள்ளும். அவர் அதை வெளித்திண்ணையில் வைத்து, மார்கழி விடியற்காலையில் அரைமணி நேரம் எரித்தார். கூம்பு சிவந்து நின்றது, பம்ப் தண்டு இருந்த இடத்திலேயே இருந்தது.